பேய் வீட்டில் வழி தெரியாமல் நின்றால்: ஹிடன் ஆப்ஜெக்ட் கேம் கேள்வி–பதில்

சாபம் பிடித்த மாளிகை, காணாமல் போன பெண், பூட்டிக் கிடக்கும் இருபது கதவுகள், இவற்றுக்கு நடுவே ஒரு துப்பறிவாளர். சாமான் நிறைந்த படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருட்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் இந்த வகை கேம்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்’, ‘எனிக்மாட்டிஸ்’ என்ற இரண்டு தொடர்களைத்தான் பலரும் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால் உதாரணங்களை அவற்றிலிருந்தே எடுத்திருக்கிறோம். கதையின் முடிவு எதையும் இங்கே உடைக்கவில்லை.

கேள்வி: இந்த வகை கேம் இதுவரை ஆடியதில்லை. ‘ரேவன்ஹர்ஸ்ட்’ என்ற பெயரிலேயே நாலைந்து இருக்கின்றன. எதில் தொடங்கினால் கதை புரியும்?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்’ தொடருக்குள் வரும் ரேவன்ஹர்ஸ்ட் கதையை வரிசையாகத்தான் ஆட வேண்டும். முதல் கேம் 2006இல் வந்தது. இங்கிலாந்தில் உள்ள ஒரு மாளிகையில் எம்மா ரேவன்ஹர்ஸ்ட் என்ற பெண்ணின் நாட்குறிப்புப் பக்கங்களைத் தேடி எடுத்து, அவளுக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதே வேலை. அடுத்து 2008இல் ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’, 2011இல் ‘எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்ட்’, 2015இல் ‘கீ டு ரேவன்ஹர்ஸ்ட்’, அதே ஆண்டில் ‘ரேவன்ஹர்ஸ்ட் அன்லாக்ட்’. தொடரின் முதல் கேமான ‘ஹன்ட்ஸ்வில்’ (2005) இந்தக் கதையோடு ஒட்டாதது. அதை விட்டுவிட்டாலும் ஒன்றும் புரியாமல் போகாது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2006 கேமில் நேரக் கெடு உண்டு, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அறை அறையாக நடந்து, ஒரு இடத்தில் எடுத்த பொருளை இன்னொரு இடத்தில் பயன்படுத்தும் முறை 2008 கேமில்தான் இந்தத் தொடருக்குள் வந்தது. இன்று எல்லோரும் ரசிக்கும் வடிவம் அதுதான். முதன்முதலாக ஆடுகிறவருக்கு எங்கள் பரிந்துரை போலந்து நிறுவனமான ஆர்டிஃபெக்ஸ் முண்டியின் ‘எனிக்மாட்டிஸ்: தி கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் க்ரீக்’ (2011). ஊர் சின்னது, கெடு கிடையாது, துப்பறியும் வேலையும் நிறைய. அதன் தொடர்ச்சிகள் 2013, 2016 ஆண்டுகளில் வந்தன. ஒரே வில்லன் தொடர்ந்து வருவதால் இவற்றையும் முன்பின்னாக ஆடாதீர்கள்.

கேள்வி: பட்டியலில் பன்னிரண்டு பொருள் கொடுத்தால் எட்டு வரை கடகடவென்று கிடைத்துவிடுகிறது. கடைசி நாலுக்கு அரை மணி நேரம் ஆகிறது. கண்ணில் ஏதும் கோளாறா?
— இல்லத்தரசி, ஈரோடு

பதில்: கண்ணில் கோளாறு இல்லை. மனிதக் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பது மிகச் சிறிய வட்டத்தைத்தான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால் தெரியும் அகலம், கிட்டத்தட்ட 2 டிகிரி. திரையின் மற்ற பகுதியெல்லாம் மங்கலாகவே மூளைக்குப் போகிறது. ‘முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன்’ என்று தோன்றினாலும் பாதி இடத்தில் பார்வை விழுந்தே இருக்காது.

எதைத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். ஆன் ட்ரீஸ்மன், கேரி கெலாட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரே ஒரு தன்மையால் (சிவப்பு நிறம் என்று வையுங்கள்) வேறுபடும் பொருள், சுற்றிலும் எத்தனை சாமான் இருந்தாலும் தானாகக் கண்ணில் குதிக்கும். இரண்டு தன்மைகளைச் சேர்த்துத் தேட வேண்டியிருந்தால் ஒவ்வொன்றாகத்தான் பார்த்துப் போக முடியும். சாமான் கூடக்கூட நேரமும் கூடும். முதல் எட்டும் முதல் ரகம், கடைசி நாலும் இரண்டாம் ரகம்.

ஆகவே கடைசி நாலுக்கு முறையை மாற்றுங்கள். பட்டியலில் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை முணுமுணுப்பதை விட, அதன் ஒரே ஒரு அடையாளத்தை மனதில் படமாக நிறுத்துவது பலன் தரும். கத்தரிக்கோல் என்றால் இரண்டு சின்ன வளையங்கள். குடை என்றால் வளைந்த கைப்பிடி. வயலின் என்றால் இடுப்பு ஒடுங்கிய வளைவு. திரையை இடமிருந்து வலமாக நாலு பட்டைகளாக மனதில் பிரித்து, ஒரு பட்டைக்கு ஐந்து நொடி வீதம் அந்த அடையாளத்தை மட்டும் தேடுங்கள். கிடைக்கவில்லையா, அடுத்த பொருளுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

ஓவியர்கள் ஒளித்து வைக்கும் வழிகள் அதிகம் இல்லை, திரும்பத் திரும்ப அவையேதான் வரும். அதே நிறப் பின்னணியில் ஒட்டுவது முதலாவது: பழுப்பு அலமாரியின் மரக்கோடுகளோடு கலந்து கிடக்கும் பழுப்பு வயலின், திரைச்சீலைக் கயிற்றின் வளைவோடு வளைந்து தொங்கும் பாம்பு, மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் நிற்கும் வெள்ளை சதுரங்கக் காய். அடுத்தது அளவை மாற்றுவது. யானை கட்டைவிரல் அளவில் இருக்கும், சாவி கதவளவு நீளத்தில் சுவரோரம் சாய்ந்திருக்கும். ‘யானை’ என்றதும் பெரியதைத் தேடுகிறவர் கடைசி வரை தவறவிடுவார். மூன்றாவது, பொருளைப் பொருளாக வைக்காமல் ஓவியமாக, செதுக்கலாக, நிழலாக வைப்பது. சுவரில் மாட்டிய படத்துக்குள் இருக்கும் பறவை, நாற்காலிக் காலில் செதுக்கிய சிங்க முகம், தலையணை உறையில் தைத்த நட்சத்திரம். நான்காவது, பாதியை மறைப்பது. இதில் வெளியே தெரிவது பெரும்பாலும் நுனி மட்டும்தான். திரையின் நான்கு ஓரங்களும், கீழே பட்டியல் இருக்கும் பலகைக்கு ஒட்டிய இடமும் நம் பார்வை குறைவாகப் போகும் இடங்கள். அங்கே ஒரு சுற்று தனியாகப் பாருங்கள்.

பட்டியலில் சில பெயர்கள் வேறு நிறத்தில் இருந்தால் அவை நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியைத் திறக்க வேண்டும், தீக்குச்சியை மெழுகுவர்த்தியில் வைக்க வேண்டும், உடைந்த துண்டை ஒட்ட வேண்டும். அரை மணி நேரம் வீணாவது பல சமயம் இதனால்தான். எந்த நிறம் என்பது கேமுக்குக் கேம் மாறும். முதல் காட்சியிலேயே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கிடைக்காத கோபத்தில் கண்டபடி கிளிக் செய்யாதீர்கள். தொடர்ந்து தவறாகக் கிளிக் செய்தால் சில நொடிகள் கர்சர் உறையும், அல்லது ஹின்ட் (பொருள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் உதவி) குறையும்.

கேள்வி: பொருள் கண்ணெதிரே இருந்தாலும், பட்டியலில் உள்ள ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரிவதில்லை. அகராதியோடு உட்கார்ந்துதான் ஆட வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: அகராதியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, ஆனால் இந்த கேம்களில் சுற்றிச் சுற்றி வரும் சொற்கள் ஐம்பது அறுபதுக்குள் அடங்கிவிடும். அடிக்கடி மாட்டிவிடுபவை இவை: திம்பிள் (தைக்கும்போது விரல் நுனியில் மாட்டும் உலோகத் தொப்பி), க்வில் (இறகுப் பேனா), ட்ரவல் (கொத்தனார் கரண்டி, தோட்டக் கரண்டிக்கும் அதே பெயர்), பெல்லோஸ் (துருத்தி), ஏகார்ன் (தொப்பி போட்ட ஓக் மரக் கொட்டை), ஹார்ஸ்ஷூ (குதிரை லாடம்), அவர்கிளாஸ் (மணல் கடிகாரம்), ஸ்பூல் (நூல்கண்டு), வெதர் வேன் (கூரை மேல் சுழலும் காற்றுத்திசை காட்டி, பெரும்பாலும் சேவல் வடிவம்).

தெரிந்த சொல்தான் இன்னும் பெரிய பொறி. ‘பேட்’ என்றால் வௌவாலும் உண்டு, பந்தடி மட்டையும் உண்டு. ‘போ’ என்றால் அம்பு விடும் வில், வயலின் வில், ரிப்பன் முடிச்சு என்று மூன்று. ‘நெய்ல்’ ஆணியா நகமா, ‘ஹார்ன்’ கொம்பா ஊதுகுழலா, ‘கிளப்’ தடியா கோல்ஃப் மட்டையா சீட்டுக்கட்டின் கிளாவரா, ‘ஸ்பேட்’ மண்வெட்டியா இஸ்பேட்டா, ‘கிரேன்’ கொக்கா எந்திரமா? வேண்டுமென்றேதான் இப்படி வைக்கிறார்கள். ஒரு பொருள் கிடைக்கவே இல்லையென்றால், அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சொற்பட்டியலே வேண்டாமென்றால், நிழலுருவம் காட்டித் தேடச் சொல்லும் காட்சிகள் உள்ள கேம்களைத் தேர்ந்தெடுக்கலாம். சில கேம்களில் பொருள் தேடும் காட்சிக்குப் பதிலாக மஹ்ஜாங் அல்லது டாமினோ ஆடும் வசதியும் உண்டு. அந்தப் பொத்தான் காட்சியின் ஓரத்திலேயே இருக்கும்.

கேள்வி: பையில் கத்தி இருக்கிறது, எதிரே கயிறு கட்டிய மூட்டை இருக்கிறது. வெட்ட விடமாட்டேன் என்கிறது! இன்வென்டரியில் (எடுத்த பொருட்கள் சேரும் பையில்) ஒன்பது சாமானோடு எங்கே போவதென்று தெரியாமல் சுற்றுகிறேன்.
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இந்த வகை கேம்களின் உண்மையான குறை அது. ஒவ்வொரு தடைக்கும் ஒரே ஒரு பொருளைத்தான் சாவியாக எழுதி வைத்திருப்பார்கள். கயிற்றுக்குக் கத்தரிக்கோல் என்று எழுதியிருந்தால் கத்தி, அரிவாள், உடைந்த கண்ணாடி எதுவும் செல்லாது. அதைத் தெரிந்துகொண்டால், ‘இதைக் கொண்டு என்ன செய்யலாம்’ என்று பையிலிருந்து யோசிப்பதை விட்டு, ‘இந்தத் தடை என்ன கேட்கிறது’ என்று தடையிலிருந்து யோசிக்கத் தொடங்குவீர்கள். தேக்கம் பாதி அப்போதே தீரும்.

ஒரு தாளில் இடம், தடை என இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். ‘சமையலறை – திருகாணி போட்ட காற்றுத்தடுப்பு’, ‘கல்லறை வாசல் – ஆந்தை வடிவக் குழி’, ‘கிணறு – கைப்பிடி இல்லாத ராட்டினம்’. குழியின் வடிவத்தைக் கட்டாயம் சின்னப் படமாக வரைந்துகொள்ளுங்கள். பதக்கம், முத்திரை, கல் என்று கிடைப்பவை எல்லாம் ஏதாவது ஒரு குழிக்குப் போய்ச் சேரும். பெயரை விட வடிவம்தான் வழிகாட்டும்.

அடுத்து, பையிலுள்ள ஒவ்வொரு சாமானின் மேலும் கர்சரை வைத்துப் பாருங்கள். மூலையில் கூட்டல் குறி இருந்தால் அது இன்னும் முழுமையாகவில்லை. பெரிதாக்கித் திறந்து, அதோடு சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். பூட்டிய நகைப்பெட்டி, பாதிப் படம், எண்ணெய் இல்லாத விளக்கு எல்லாம் இப்படித்தான். கூட்டல் குறியைக் கவனிக்காமல் ஊர் முழுக்கச் சுற்றுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. இன்னொரு நல்ல துப்பு: பெரும்பாலான கேம்களில், ஒரு கருவியின் வேலை முழுவதும் முடிந்தால் அது பையை விட்டு மறைந்துவிடும். ஒரு முறை பயன்படுத்திய பிறகும் திருப்புளி பையிலேயே இருந்தால், இன்னொரு திருகாணி எங்கோ காத்திருக்கிறது.

மேப்பைத் திறங்கள். செய்ய வேலை உள்ள இடங்களைக் குறி போட்டுக் காட்டும் மேப் பல கேம்களில் உண்டு. குறி இருக்கும் இடத்தில் ஒன்றும் தோன்றவில்லையென்றால், பார்த்து முடித்த பொருள் தேடும் காட்சி மறுபடியும் மின்னுகிறதா என்று பாருங்கள். ஒரே காட்சிக்கு இரண்டாவது பட்டியல் கொடுப்பது இந்த வகையில் வழக்கம். முதல் சுற்றில் தேவைப்படாமல் கண்ணில் பட்ட சாமான்கள் அப்போது கைகொடுக்கும்.

ஆட்களிடமும் திரும்பப் போய்ப் பேசுங்கள். புதிய தடயம் ஒன்று கிடைத்த பிறகே சிலருக்கு அடுத்த பேச்சு திறக்கும்.

கேள்வி: ‘எனிக்மாட்டிஸ்’ முதல் பாகத்தில் வரும் தடயப் பலகையில் எதை எதோடு பொருத்துவது என்று புரியவில்லை. ஊகித்து ஊகித்துப் போட்டுக் கொண்டிருக்கிறேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஊகித்து ஆடினால் அந்த கேமின் சிறந்த பகுதியையே இழந்துவிடுவீர்கள். கதையின் துப்பறிவாளர் புயலுக்குப் பிறகு நினைவு தப்பி விழிக்கிறார், ஏற்கெனவே நடத்திய விசாரணையே அவருக்கு மறந்துபோயிருக்கிறது. அந்தப் பலகைதான் அவருடைய நினைவு. கிடைத்த தடயங்களை அதில் சேர்த்து, எவையெல்லாம் கூடி ஒரு முடிவைத் தாங்குகின்றன என்று நீங்கள் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு தடயத்தையும் பெரிதாக்கி மூன்று விஷயம் பாருங்கள்: யாருடையது, எங்கே கிடைத்தது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது. முடிவு ‘இந்த ஆள் இங்கே வந்திருந்தார்’ என்றால் ஆளைக் காட்டும் தடயம் ஒன்றும் இடத்தைக் காட்டும் தடயம் ஒன்றும் வேண்டும். ஒரே ஆளைப் பற்றிய இரண்டு தடயங்களைப் போட்டால் இடம் நிரூபணமாகாது. பழைய செய்தித்தாள் துண்டுகளில் தேதியையும் படத்தையும் விடாதீர்கள். இவை பெரும்பாலும் ‘இது முன்பும் நடந்திருக்கிறது’ என்ற வகை முடிவுக்குப் போகும். பொருந்தாமல் மிஞ்சும் தடயத்தை வற்புறுத்திப் பொருத்த வேண்டாம். அதற்கு இணை இன்னும் கிடைக்கவில்லை என்றே அர்த்தம்.

கேள்வி: ஒரு கதவில் 5க்கு 5 என்று 25 விளக்குகள். ஒன்றை அமுக்கினால் அதுவும், அதன் மேல், கீழ், இடம், வலமும் மாறுகின்றன. எல்லாம் அணைய வேண்டும். ஸ்கிப் (புதிரைத் தீர்க்காமலே தாண்டும் பொத்தான்) செய்யாமல் தீர்க்க வழி உண்டா?
— பொறியியல் மாணவர், சேலம்

பதில்: நிச்சயமாக உண்டு, அதுவும் யோசிக்கவே வேண்டாத வழி. அடிப்படை இரண்டு: எந்த வரிசையில் அமுக்கினாலும் விளைவு ஒன்றுதான், ஒரே விளக்கை இரண்டு முறை அமுக்கினால் அமுக்காததற்குச் சமம்.

முதல் வரிசையைத் தொடாதீர்கள். அதில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் நேர் கீழே, இரண்டாம் வரிசையில் உள்ளதை அமுக்குங்கள். முதல் வரிசை முழுக்க அணைந்துவிடும். பிறகு இரண்டாம் வரிசையில் எரிபவற்றுக்கு நேர் கீழே மூன்றாம் வரிசையில் அமுக்குங்கள். இப்படியே ஐந்தாம் வரிசை வரை இறங்குங்கள். இப்போது கடைசி வரிசையில் மட்டும் சில விளக்குகள் எரியும். இடமிருந்து 1, 2, 3, 4, 5 என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசையில் 1, 2, 3 எரிந்தால் மேல் வரிசையில் 2ஐ அமுக்குங்கள்.
3, 4, 5 எரிந்தால் மேலே 4.
2, 3, 5 எரிந்தால் மேலே 1.
1, 3, 4 எரிந்தால் மேலே 5.
1, 2, 4, 5 எரிந்தால் மேலே 3.
1, 5 மட்டும் எரிந்தால் மேலே 1, 2 இரண்டும்.
2, 4 மட்டும் எரிந்தால் மேலே 1, 4 இரண்டும்.

அமுக்கிய பிறகு மறுபடி முதல் வரிசையிலிருந்து அதே போல் இறங்கி வாருங்கள். கடைசி வரிசை தானாக அணைந்திருக்கும். தீர்க்கக்கூடிய கட்டம் எதுவானாலும் கடைசி வரிசையில் இந்த ஏழு நிலைகளில் ஒன்று வரும், அல்லது எதுவுமே எரியாது. வேறு ஏதாவது வந்தால் நடுவில் எங்கோ கை தவறியிருக்கிறது, ரீசெட் செய்து தொடங்குங்கள். எல்லாம் எரிய வேண்டும் என்று கேட்டால், அணைந்திருப்பதை ‘எரிகிறது’ என்று வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள். மூலைவிட்டத்தில் உள்ளவையும் மாறும் கட்டங்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது.

3க்கு 3 கட்டமாக இருந்தால் இன்னும் எளிது. எந்த நிலைக்கும் தீர்வு உண்டு, ஒன்றே ஒன்றுதான். மேல் வரிசையில் எவற்றை அமுக்குவது என்பதற்கு மொத்தமே எட்டு வழிகள். ஒவ்வொன்றாகப் போட்டு இறங்கிப் பார்த்தாலே முடிந்துவிடும்.

கேள்வி: நகர்த்தும் படக்கட்டத்தில் மேல் வரிசையின் கடைசித் துண்டு ஒருபோதும் அதன் இடத்தில் உட்காருவதில்லை. கூம்பு வளையங்களிலும் தடுமாறுகிறேன்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: 3க்கு 3 படக்கட்டத்தில் துண்டுகளை மேலிருந்து 1, 2, 3, 4, 5, 6, 7, 8 என்று வையுங்கள், ஒன்பதாவது காலி. முதலில் 1ஐ அதன் மூலையில் வையுங்கள். அடுத்து 2ஐ அதன் இடத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அப்படி வைத்தால் 3 நுழைய வழியில்லாமல் போகும். 2ஐ வலது மேல் மூலையில், அதாவது 3இன் இடத்தில் வையுங்கள். 3ஐ அதற்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். காலி இடம் மேல் வரிசையின் நடுவுக்கு வரட்டும். இப்போது 2 இடப்பக்கம், 3 மேலே: இரண்டே நகர்வில் வரிசை முடிந்தது. 3 முன்கூட்டியே மேல் வரிசையில் சிக்கியிருந்தால், அதை முதலில் கடைசி வரிசைக்கு இறக்கிவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பிறகு இடது பத்தி. 4ஐ 7இன் இடத்திலும், 7ஐ அதற்கு வலப்பக்கத்திலும், காலியை 4இன் இடத்திலும் கொண்டுவந்து, 4ஐ மேலே ஏற்றி 7ஐ இடப்பக்கம் தள்ளுங்கள். மிஞ்சும் நாலு சதுரத்தை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் படம் சேர்ந்துவிடும். இந்தக் கட்டத்தின் மிகக் கடினமான நிலைக்கும் குறைந்தபட்ச வழியில் 31 நகர்வு போதும். முறையாகப் போனால் அதைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

கூம்பு வளையங்கள் என்பது, மூன்று கம்பங்களில் ஒன்றில் அடுக்கிய வளையங்களை, பெரியதைச் சிறியதன் மேல் வைக்காமல், ஒவ்வொன்றாக இன்னொரு கம்பத்துக்கு மாற்றும் புதிர். அதில் மூன்று வளையத்துக்கு 7 நகர்வு, நான்குக்கு 15, ஐந்துக்கு 31. வளையங்கள் ஒற்றைப்படை என்றால் மிகச் சிறியதை முதலில் சேர வேண்டிய கம்பத்துக்கே கொண்டுபோங்கள். இரட்டைப்படை என்றால் நடுவே உதவிக்கு இருக்கும் கம்பத்துக்கு. அதன் பிறகு ஒன்று விட்டு ஒன்று: ஒரு நகர்வு சிறிய வளையம், தொடங்கிய அதே சுற்றுத் திசையில், அடுத்த நகர்வு, சிறியதைத் தொடாமல் செய்ய முடிந்த ஒரே நகர்வு. கடைசி வரை மாறாமல் இதையே செய்யுங்கள்.

கேள்வி: பழைய கேம் புது லேப்டாப்பில் கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. தம்பியின் மேக்கில் திறக்கவே இல்லை.
— வாசகர், சென்னை

பதில்: மேக்கில் ஒன்றும் செய்வதற்கில்லை. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து 32-பிட் செயலிகளை மேக் இயக்குவதில்லை. அந்தக் கால கேம்களில் பெரும்பாலானவை 32-பிட்.

விண்டோஸில் வழி உண்டு. கறுப்புத் திரை தெரியும்போது ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல கேம்கள் சின்ன விண்டோவுக்கு மாறி ஓடத் தொடங்கும். இல்லையென்றால் கேம் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய் விண்டோஸ் 7ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே உள்ள ஹை டிபிஐ அமைப்பையும் அப்ளிகேஷனுக்கு மாற்றுங்கள். டைரக்ட்எக்ஸ் (கேமின் படத்தையும் ஒலியையும் இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) கோப்பு இல்லை என்ற செய்தி வந்தால், டைரக்ட்எக்ஸ் 9 கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டும். புது விண்டோஸில் அவை எல்லாம் சேர்ந்து வருவதில்லை.

கேம் ஓடியதும் அதன் ஆப்ஷன்ஸில் வைட்ஸ்கிரீன் இழுப்பை அணைத்துவிடுங்கள். அகலம் குறைந்த 4:3 திரைக்கு வரைந்த படம் இழுபட்டால் வட்டங்கள் முட்டை வடிவமாகும், நிழலுருவத்தை அடையாளம் காண்பது சிரமமாகும். மறுபடி நிறுவுவதற்கு முன் சேமிப்புக் கோப்புறையை நகலெடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் மறைந்திருக்கும் ஆப்டேட்டா அல்லது ப்ரோக்ராம்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ போட்டால் தெரியும்.

கேள்வி: எனக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நிறப் புதிர்களில் நின்றுவிடுகிறேன். இருட்டுக் காட்சிகளும் சிரமம்.
— வாசகர், புதுச்சேரி

பதில்: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அக்சசிபிலிட்டி அமைப்புக்குள் கலர் ஃபில்டர்ஸ் இருக்கிறது (10இல் ஈஸ் ஆஃப் அக்சஸ் என்ற பெயரில்). சிவப்பு–பச்சைக்கு இரண்டு ஃபில்டர்கள் உண்டு, இரண்டையும் போட்டுப் பார்த்துப் பொருந்துவதை வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவழியை இயக்கி வைத்தால் விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி, புதிர் வரும்போது மட்டும் ஃபில்டரைப் போட்டுக்கொள்ளலாம். அதிலும் பிரியவில்லையென்றால் ஸ்கிப்பைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நிறத்தை மட்டுமே நம்பிப் புதிர் வைத்தது செய்தவர்களின் கவனக்குறைவு.

இருட்டுக்கு: நைட் லைட்டை அணையுங்கள். அது திரையை மஞ்சளாக்குவதால் வெள்ளை, தங்கம், எலும்பு நிறப் பொருட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கேமின் ஆப்ஷன்ஸில் காமா (இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் அமைப்பு) இருந்தால் ஒரு படி ஏற்றுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி உட்காருங்கள்.

கேள்வி: பத்து வயது மகள் கூட உட்கார்ந்து ஆட ஆசைப்படுகிறாள். பேய்க் கதை பயமுறுத்துமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேடுவதிலும் புதிர்களிலும் குழந்தைகள் பெரியவர்களை முந்திவிடுவார்கள், கூட ஆடுவது நல்ல யோசனை. இந்த வகையில் ரத்தம் குறைவு. திடீரென்று முகத்துக்கு நேரே வரும் உருவமும் பின்னணி ஓசையும்தான் திகில். ஓசையைக் குறைத்தாலே பாதி பயம் போய்விடும். வீடியோ காட்சிகளை மட்டும் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். ‘எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்ட்’ மனதை மிகவும் உலுக்கக்கூடியது, அவளுக்கு வேண்டாம். அதே தொடரில் நடிகர்களை வைத்துப் படம்பிடித்த ‘டயர் க்ரோவ்’ (2009) அவள் இன்னும் வளர்ந்த பிறகு ஆடலாம்.

கேஷுவல் என்ற எளிய நிலையில் தொடங்குங்கள். வேலையுள்ள இடங்கள் மின்னும், ஹின்ட் சீக்கிரம் நிரம்பும். பெரும்பாலான கேம்களில் சேமிப்பு ஒரு ப்ரொஃபைலுக்கு ஒன்றுதான். அவளுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்தால், நீங்கள் எங்கே விட்டீர்களோ அது அங்கேயே இருக்கும்.